பிரவுசரில் செர்ன் ஆய்வுக்கூடம்!

மரக்காணம் உப்பளத்தில் உள்ளங்கையை விரித்து நின்றால், ஏறத்தாழ நொடிக்கு ஒரு மியூவான் துகள் அதைத் துளைத்துச் செல்லும். விண்வெளிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதுவதால் உண்டாகும் துகள் இது. கண்ணுக்குத் தெரியாத இதை வகுப்பில் எப்படிக் காட்டுவது?

இதற்காகவே விஞ்ஞானிகளும் பள்ளி ஆசிரியர்களும் கைகோத்தனர். அமெரிக்காவில் 1999-ல் குவார்க்நெட் திட்டம் தொடங்கியது. 2005 முதல் சர்வதேச மாஸ்டர்கிளாஸ் நடக்கிறது. இதில் மாணவர்கள் உண்மையான துகள் மோதல் பதிவுகளை ஆராய்கிறார்கள்.

2014-ல் செர்ன் மையம், ஓபன் டேட்டா என்ற வெப்சைட்டில் தன் பதிவுகளை இலவசமாகத் தரத் தொடங்கியது. முழு டேட்டாவை டவுன்லோட் செய்ய முயலாதீர்கள். அது பெட்டாபைட் கணக்கில் இருக்கும். ஐஸ்பை என்ற புரோகிராம் பிரவுசரிலேயே இயங்கும். மோதல் படத்தை மவுஸால் சுழற்றிப் பாருங்கள். கருவியின் வெளி அடுக்கு வரை நீளும் கோடுதான் மியூவான்.

எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட மியூவான் ஜோடியின் மொத்த நிறையைக் கணக்கிடலாம். ஒரு படம் எதையும் நிரூபிக்காது. பல மாணவர்கள் பிரித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான படங்களைக் கணக்கிட்டால், வரைபடத்தில் 91 ஜிஇவி அருகே மேடு எழும்பும். அதுதான் இசட் துகள்! விலை உயர்ந்த ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிக்கும் இது சாத்தியம். ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும், ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரும் போதும்.