பிள்ளையின் கன்னத்தில் வெளிறல்: கத்தி படாமல் கண்டறியும் ஒளி

ரொறன்ரோவில் யூலை பிறந்து, பிள்ளைகள் பூங்காவும் நீச்சல் தடாகமுமாக வெயிலில் திரியத் தொடங்கியதும் பல வீடுகளில் ஒரே கேள்வி எழும்: கன்னத்தில் இந்த வெளிறல் எப்போது வந்தது? பெரும்பாலும் அது அப்போது வந்ததல்ல. குளிர்காலம் முழுக்கச் சூடாக்கியின் வறண்ட காற்றில் தோல் காய்ந்து, இலேசாக அழன்று, அந்த இடத்தில் நிறம் குறைந்திருக்கும். வெயில் பட்டுச் சுற்றியுள்ள தோல் கறுக்கும்போது அது மட்டும் தனித்துத் தெரிகிறது. எங்கள் பிள்ளைகளின் மாநிறத்தில் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

அம்மம்மா ‘தேமல்’ என்பார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி ‘வெண்குட்டம்’ என்பார். வீட்டாரின் நித்திரையைக் கெடுப்பது இந்த இரண்டாவது பேச்சுத்தான். அப்படிச் சொல்லப்படும் வெண்புள்ளி தொழுநோய் அல்ல, தொற்றுவதும் அல்ல. உடலின் நோயெதிர்ப்புக் கலங்களே தோலுக்கு நிறம் தரும் மெலனோசைற் கலங்களைத் தாக்கி அழிப்பதால் வருவது. உலகில் 100 முதல் 200 பேருக்கு ஒருவரிடம் காணப்படுகிறது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 20 வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ரொறன்ரோப் பெரும்பாகத்தில் வளர்ந்த மொடல் வின்னி ஹார்லோவுக்கு 4 வயதில் கண்டறியப்பட்டது. பள்ளிக்கூடத்தில் கடும் கேலியைத் தாங்கிய அந்தப் பிள்ளை பிறகு உலகின் பெரிய நவநாகரிக மேடைகளில் நடந்தார்.

ஆனால் வெளிறல் எல்லாம் வெண்புள்ளி அல்ல. வறட்சித் தேமல், பூஞ்சைத் தேமல், பிறவியிலேயே வரும் நிறம் குன்றிய மச்சம், எக்ஸிமா ஆறிய தடம் என்று பல உண்டு. வைத்தியர் முதலில் அறிய விரும்புவது ஒன்றுதான்: அங்கே நிறம் குறைந்திருக்கிறதா, முற்றாகப் போய்விட்டதா? வெறுங்கண்ணுக்கு இது எளிதில் பிடிபடாது. தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கலாம். ஆனால் 5 வயதுப் பிள்ளையின் கன்னத்தில் விறைப்பு ஊசி போட்டு வெட்டினால் தழும்பு மிஞ்சும். வெண்புள்ளி உள்ள தோலில் காயம் பட்ட இடத்திலேயே புதுப் புள்ளி எழுவதும் உண்டு. அதனால்தான் ஒளியைக் கொண்டு பார்க்கும் முறைகள் பிள்ளைகளுக்கு இவ்வளவு முக்கியமாகின்றன.

இவற்றில் பழையது வூட்ஸ் விளக்கு. அமெரிக்கப் பௌதிகவியலாளர் றொபேர்ட் வில்லியம்ஸ் வூட் 1903இல் உருவாக்கிய வடிகட்டிக் கண்ணாடியிலிருந்து வந்தது. 365 நனோமீற்றர் அளவிலான புற ஊதாக் கதிரை மட்டும் வெளியே விடும். அறையை நன்றாக இருட்டாக்கி, தோலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பிடிப்பார்கள். சாதாரணத் தோலில் நிறப்பொருளான மெலனின் இந்தக் கதிரை உறிஞ்சிவிடும். மெலனின் முற்றாக இல்லாத இடத்திலோ, கீழே உள்ள கொலாஜென் நீலம் கலந்த வெள்ளையாகச் சுடர்விடும், ஓரமும் கீறினாற்போல் தெளிவாகத் தெரியும். அது வெண்புள்ளியின் அடையாளம். வறட்சித் தேமல் அப்படிச் சுடராது, ஓரமும் மங்கலாகவே இருக்கும். பூஞ்சைத் தேமல் பல வேளைகளில் மஞ்சளாகவோ செம்பு நிறமாகவோ ஒளிரும். சில நிமிட வேலை, வலி துளியும் இல்லை.

அடுத்தது டெர்மோஸ்கோப் என்னும் ஒளியூட்டிய கைக்கண்ணாடி. வழக்கமாக 10 மடங்கு பெருக்கிக் காட்டும். வெண்புள்ளியில் மயிர்க்கால்களைச் சுற்றி நிறம் மிஞ்சியிருக்கிறதா, புள்ளி பரவுகிறதா என்பதற்கு இதில் குறிப்புக் கிடைக்கும். பரவும் புள்ளியின் ஓரத்தில் தெரியும் வெண்மணிகளைத் தோல் வைத்திய ஆய்வுகள் சவ்வரிசி என்றே குறிப்பிடுகின்றன.

இவற்றில் என்னை மிகவும் வியக்கவைப்பது கொன்ஃபோகல் நுணுக்குக்காட்டி. மிலிந்த் ராஜாத்யக்ஷாவும் சக ஆய்வாளர்களும் பொஸ்டனில் செய்து 1995இல் வெளியிட்ட ஆய்வு, உயிருள்ள தோலை வெட்டாமலே கலம் கலமாகப் பார்க்க முடியும் என்று காட்டியது. 830 நனோமீற்றர் லேசர் தோலுக்குள் ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் வரை இறங்கும். மெலனின் இருக்கும் இடம் பளிச்சென்று தெரியும். சாதாரணத் தோலில் மேல்தோலின் அடியில் ஒளிரும் வளையங்கள் வரிசையாக இருக்கும். வெண்புள்ளியில் அவை அற்றுப்போகின்றன, நிறம் குன்றிய மச்சத்தில் மங்கினாலும் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் விலை கூடிய கருவி, பிள்ளை சில நிமிடம் அசையாமல் இருக்கவும் வேண்டும். ஆகவே இன்னும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

ஒளி எல்லாவற்றுக்கும் விடை சொல்லிவிடாது. மைக்கோசிஸ் ஃபங்கோயிடிஸ் என்ற அரிய தோல் லிம்போமா (ஒரு வகைப் புற்றுநோய்), கருமையான தோலுள்ள பிள்ளைகளில் பல வேளைகளில் வெளிறிய திட்டாகத் தலைகாட்டும். திட்டுகள் மாதக்கணக்கில் ஆறாமல் இடுப்பிலும் தொடையிலும் கூடினால், துண்டு எடுத்துப் பார்ப்பதே சரி. வைத்தியர் கேட்டால் மறுக்க வேண்டாம். கைக்குழந்தையின் உடலில் 5 மில்லிமீற்றருக்குக் குறையாத வெளிர் திட்டுகள் மூன்றோ கூடவோ இருந்தால் ரியூபரஸ் ஸ்க்லெரோசிஸ் என்ற மரபணு நோயா என்று பார்க்க வேண்டும். வலிப்பும் சேர்ந்து வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

ரொறன்ரோவில் இதற்கான வழி குடும்ப வைத்தியரிடமிருந்து தொடங்குகிறது. அவர் எழுதிக் கொடுத்தால் தோல் நிபுணரைப் பார்க்கலாம், தேவைப்பட்டால் 1875 முதல் இயங்கும் சிக் கிட்ஸ் மருத்துவமனையின் தோல் பிரிவு வரை போகலாம். வைத்தியரைப் பார்க்கும் செலவை மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் ஏற்கும். காத்திருக்கும் காலம் நீளலாம். அதுவரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். அந்தப் படங்கள் திட்டு வளர்கிறதா என்று காட்டும், என்ன நோய் என்று சொல்லிவிடாது. கடையில் வாங்கிய வெளுக்கும் கிறீமோ, யாரோ கொடுத்த ஸ்டெரொயிட் களிம்போ பூசாதீர்கள். சோதனைக்குப் போகும் நாளில் எண்ணெய், பவுடர், திருநீறு, மஞ்சள் எதுவும் தோலில் இருக்க வேண்டாம். மஞ்சள் புற ஊதாக் கதிரில் தானாகவே ஒளிரும், வைத்தியரின் கண்ணைக் குழப்பிவிடும்.