விதை சேர்க்கும் சிவப்பெறும்பு

வட அமெரிக்காவின் தென்மேற்கிலுள்ள வறண்ட மேய்ச்சல் நிலங்களில், புல்லின் நடுவே வட்டமான மொட்டைத் தரைகள் ஆங்காங்கு காணப்படும். புல் நஷ்டமாயிற்றென்று கருதி நிலமுடையோர் பலர் அவ்விடங்களில் விஷமருந்திட முற்படுவர். அதற்கு முன், அங்கு வாழும் எறும்பு இன்னதென அறிதல் அவசியமாகும்.

போகோனோமிர்மெக்ஸ் பார்பேட்டஸ் என்னும் இவ்வெறும்பை 1858-ல் பிரெடரிக் ஸ்மித் என்பவர் வர்ணித்துப் பெயரிட்டார். வேலைக்கார எறும்பு கால் அங்குலத்துக்குச் சற்று மிகுந்த நீளமுடையது, செந்நிறமானது. தலையின் அடிப்புறத்தில் தாடி போன்ற நீண்ட மயிர்கள் உண்டு. தோண்டிய நுண்மணலை இம்மயிர்களில் தாங்கியே வெளியே கொணர்கிறது. கொட்டினால் வலி கடுமையாயிருக்கும். அயல்நாட்டிலிருந்து வந்து பரவிய நெருப்பெறும்போ உருவில் சிறியது, தாடியற்றது, அதன் மண்மேட்டின் உச்சியில் வாயில் தென்படாது.

டெக்ஸாஸ், நியூ மெக்ஸிகோ, அரிஸோனா ஆகிய ராஜ்யங்களிலும் மெக்ஸிகோ தேசத்திலும் சிவப்பெறும்பு மிகுதி. ஒரு புற்றில் சுமார் 10,000 எறும்புகள், ஒரே ராணியின் கீழ், 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். புல் பூண்டுகளின் விதைகளே இவற்றின் முக்கிய ஆகாரம். அவற்றைப் பூமிக்கடியிலுள்ள அறைகளில் சேமிக்கின்றன. புற்றைச் சுற்றிக் குவியும் உமியும் கழிவும் மண்ணில் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் பெருக்குகின்றன.

நீர்ச் செட்டிலும் இவை தேர்ந்தவை. இவை விதையிலுள்ள கொழுப்பிலிருந்தே நீரைப் பெறுகின்றன. ஆனால் விதை தேடி வெயிலில் திரிகையில் உடலின் நீரை இழக்கின்றன. 1985 முதல் ஆராய்ந்துவந்த டெபோரா கார்டன் என்னும் அம்மையார், காய்ந்த நாட்களில் வெளிச்செல்வதைக் குறைத்துக்கொள்ளும் புற்றுகளே அதிக சந்ததிப் புற்றுகளை விடுகின்றன என்று 2013-ல் வெளியிட்டார்.

டெக்ஸாஸின் கொம்பு ஓணானுக்குப் பிரதான உணவு இவ்வெறும்பே. இவ்வோணான் அருகிவந்தமையால் 1977-ல் அந்த ராஜ்யத்தின் ஆபத்துக்குள்ளான பிராணிகளின் ஜாபிதாவில் சேர்க்கப்பட்டது. நிலம் மாறியதும், நெருப்பெறும்பு பரவியதும், எறும்புகளுக்கிட்ட விஷமும் இக்குறைவுக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. நெருப்பெறும்புக்காக நிலமெங்கும் தூவும் விஷ இரையைச் சிவப்பெறும்பும் எடுத்துச் சென்று மடிகிறது.

ஆகையால், வீட்டு வாசல், களம், குழந்தைகள் நடமாடும் இடம் ஆகியவற்றிலுள்ள புற்றை மட்டும் தனித்து அகற்றுவதே தக்கது. மேய்ச்சல் நிலத்தின் நடுவிலுள்ளதை விட்டுவைத்தால் நஷ்டம் சொற்பம்; மண்ணுக்கும் பிராணிகளுக்கும் விளையும் பிரயோஜனம் நெடுங்காலம் நிற்கும்.