பார்த்துத்தானே வாங்குனீங்க?

செகண்ட்ஸில் ஒரு கார் வாங்கியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாலாம் நாள் பைபாஸில் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது. தெரிந்த மெக்கானிக் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கிறார். சேசிஸில், அதாவது வண்டியின் எலும்புக்கூட்டில், வெல்டிங் வைத்த தழும்பு. அதன்மேல் புதுக் கருப்புப் பெயிண்ட். விற்ற கன்சல்டிங்காரரிடம் போய் நிற்கிறோம். அவர் கோபப்படவில்லை, டீ சொல்கிறார். "பார்த்துத்தானே சார் வாங்குனீங்க? ஓட்டியும் பார்த்தீங்க. உள்ளது உள்ளபடின்னு கையெழுத்தும் போட்டிருக்கீங்க" என்கிறார். டீ ஆறுவதற்குள் நமக்கே அது நியாயம் என்று தோன்றிவிடுகிறது.

கிட்டத்தட்ட எல்லோருமே அந்த இடத்தில்தான் எழுந்து வந்துவிடுகிறோம். அவர் சொன்னதில் எவ்வளவு சரி என்று இன்று கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்போம்.

ஓரளவு சரிதான். நம் நாட்டில் பொருள் விற்பதற்கான அடிப்படைச் சட்டம் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். பொருளின் தரத்தைப் பார்த்துக்கொள்வது வாங்குபவரின் வேலை என்றுதான் அதன் 16ஆம் பிரிவு தொடங்குகிறது. ஆனால் அதே பிரிவு உடனே சில விலக்குகளைச் சொல்கிறது. அந்த வகைப் பொருளையே தொழிலாக விற்பவர், இன்ன மாடல், இன்ன வருடம் என்று விவரம் சொல்லி விற்றால், பொருள் சந்தையில் விலைபோகும் தரத்தில் இருக்க வேண்டும். வாங்குபவர் பார்த்து வாங்கியிருந்தால்? அந்தப் பார்வையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டும் விற்றவர் பொறுப்பில்லை.

கத்தரிக்காய் வாங்குவதை நினைத்துக்கொண்டால் போதும். திருப்பிப் பார்த்து எடுக்கிறோம். மேலே ஓட்டை தெரிந்தும் எடுத்தால் தவறு நம்முடையது. கிழிந்த சீட், கீறிய கதவு, வழுக்கையான டயர் எல்லாம் அந்த ஓட்டைக் கணக்கு. சேசிஸ் வெல்டிங் அப்படியல்ல. கதவைத் திறந்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்? 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கார்கள் மிதந்ததைப் பார்த்தோமே, அப்படி நீரில் நின்ற வண்டியின் ஒயரிங்கில் பிடிக்கும் பச்சைக் களிம்பும் இந்த ரகம்தான். ஆக, "பார்த்துத்தானே வாங்குனீங்க" என்பதற்குச் சட்டம் கேட்கும் எதிர்க்கேள்வி, "எதைப் பார்க்க முடிந்தது?" என்பது.

சரி, அந்தக் கையெழுத்து? இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1930 சட்டப்படி இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் இந்தப் பொறுப்பை விலக்கி எழுதிக்கொள்ளலாம். அதனால் அந்தத் தாள் வெறும் காகிதம் இல்லை. ஆனால் அது பொய்யைக் கழுவித் தராது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் ஒரு நுட்பமான கோடு போடுகிறது: வெறுமனே பேசாமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது, தெரிந்த ஒன்றை வேலை மெனக்கெட்டு மறைப்பது மோசடி. சேசிஸ் பற்றி வாய் திறக்காதது ஒன்று, வெல்டிங்மேல் பெயிண்ட் அடித்தது இன்னொன்று. மீட்டரைத் திருப்பி கிலோமீட்டரைக் குறைப்பதும் மறைப்புதான். பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் நேர்மையற்ற வணிகம் என்கிறது.

இதுவரை பார்த்தது நமக்கும் அவருக்கும் இடையிலான கணக்கு. சாலைக்கு லாயக்கில்லாத வண்டி என்று வந்துவிட்டால் மூன்றாவதாக ஒருவர் வந்து உட்கார்கிறார். எதிரே சைக்கிளில் வரும் பள்ளிக்கூடப் பிள்ளை. அந்தப் பிள்ளை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை.

அந்தப் பிள்ளைக்காக மோட்டார் வாகனச் சட்டம் பேசுகிறது. வண்டி எந்த நேரமும் ஓட்டுபவரின் கட்டுப்பாட்டில் இருக்கும்படி செய்யப்பட்டும் பராமரிக்கப்பட்டும் இருக்க வேண்டும் என்கிறது 109ஆம் பிரிவு. அந்தப் பிரிவு உள்ள அத்தியாயத்துக்கு மாறான வண்டியை ஒரு டீலர் விற்றாலோ, விற்க முன்வந்தாலோ குற்றம். முன்பு அதற்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். ஒரு டயருக்குக்கூடக் காணாது. 2019 திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு சேர்ந்தது: ஓராண்டு வரை சிறை, அல்லது வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

டீலர் தப்பிக்க அதே பிரிவில் ஒரு வழி இருக்கிறது. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான். வண்டி எந்த விதத்தில் விதிகளுக்கு மாறாக இருக்கிறது என்பதை விற்கும்போதே வாங்குபவரிடம் சொல்லிவிட்டதாக அவர் நிரூபித்தால் தண்டனை இல்லை. "எந்த விதத்தில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். "உள்ளது உள்ளபடி" என்ற தொடர் எந்த விதத்தையும் சொல்வதில்லை. சேசிஸ் வெல்டிங் என்றோ பிரேக் வேலை செய்யாது என்றோ சொன்னால்தான் அது சொன்னதாகும் என்பது என் வாசிப்பு.

அப்படிச் சொல்லியே விற்றார் என்றால் பாரம் நம் தோளுக்கு மாறுகிறது. ஆபத்தான குறை இருப்பது தெரிந்தும் சாலையில் ஓட்டுவது 190ஆம் பிரிவின்படி நம்முடைய குற்றம். அந்த வண்டியைப் பட்டறைக்குக் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

"ஆர்.சி. உயிரோடதானே இருக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். டாக்ஸிக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று காட்ட வேண்டும், சொந்தக் காருக்கு அந்த 15 ஆண்டில் அந்தச் சோதனை கிடையாது. ஆர்.சி. பிறப்புச் சான்றிதழ் மாதிரி. உடம்பு எப்படி இருக்கிறது என்று அதில் எழுதியிருக்காது.

இன்னொரு பழைய பதில், "நான் வெறும் புரோக்கர் சார், ஓனரைக் கேளுங்க." பழைய ஓனரிடம் 29, 30ஆம் எண் படிவங்களில் வெறுமனே கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, தன் பெயர் எங்கும் வராமல் வண்டியைக் கைமாற்றுவது இந்தத் தொழிலில் வெகுகாலப் பழக்கம். அதில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்தப் பழைய ஓனர். நான்கு கை மாறிய கார் விபத்தில் சிக்கிய ஒரு வழக்கில், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் நடப்பில் உள்ளன. பழைய வண்டி டீலர் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வண்டி தன்னிடம் வந்ததை ஓனரோடு சேர்ந்து இணையத்தில் பதிய வேண்டும். கையில் இருக்கும்வரை வண்டிக்கு அவரே பொறுப்பு. சோதனை ஓட்டம், ரிப்பேர் போன்ற காரணங்களுக்கு மட்டுமே அதை வெளியே எடுக்கலாம், அதற்கும் பயணப் பதிவேடு உண்டு.

குறை தெரிந்ததும் தாமதிக்காமல் எழுத்தில் தெரிவிப்பது நல்லது. நாள் கடத்தினால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் மெக்கானிக் எழுதித் தந்த குறிப்பும் கையில் இருக்கட்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே. 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் சொந்த வண்டியை விற்றது இந்த நுகர்வோர் கணக்கில் வராது. அவர் வியாபாரி இல்லை.

நான் வண்டி வாங்கப் போனால் டீலரிடம் ஒன்றைத்தான் கேட்பேன்: "சேசிஸ் வேலை பார்க்காத வண்டி, தண்ணீரில் நிற்காத வண்டின்னு பில்லிலேயே எழுதிக் குடுங்க." எழுதித் தருபவர்களும் இருக்கிறார்கள். விலை பத்தாயிரம் கூட இருக்கும்.