சொந்த லொறியோடு திரும்பும் சாரதி

ஐக்கிய அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில், சரக்கும் வண்டியுமாக 80,000 இறாத்தல் வரை நிறைகொண்டு ஓடும் பெரிய லொறிகளுட் பல, அவற்றைச் செலுத்தும் சாரதிகளுக்கே சொந்தமானவை. இத்தொழிலை ஒருமுறை விட்டு விலகிப் பல ஆண்டுகள் வேறு வேலை பார்த்தபின் மறுபடியும் வந்தோரும் இவர்களிடையே உளர். பிள்ளைகள் வளரும்வரை வீட்டோடிருக்க விரும்பியவர், நோயுற்றவர், வாடகை வீழ்ந்த காலத்தில் லொறியை விற்றவர் எனப் பலதிறத்தார். திரும்பும் ஒருவர் முதலிற் கவலைப்படுவது, கை பழைய பழக்கத்தை மறந்திருக்குமோ என்பது பற்றியே. கை எளிதில் மறப்பதில்லை. நீண்ட பெட்டியைப் பின்னோக்கிச் செலுத்தி ஒடுங்கிய இடத்தில் நிறுத்தும் வித்தை சில நாட்களில் மீண்டுவிடும். மாறியிருப்பவை கடிகாரமும் கணக்குமே.

பத்து மணி நேரம் ஓய்வு பெற்ற சாரதி, வேலை தொடங்கிய கணத்திலிருந்து 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் மட்டுமே லொறியைச் செலுத்தலாம். முன்னாளில் இந்த நேரங்களைச் சாரதியே குறிப்பேட்டில் எழுதிவந்தார்; எழுதும் கைக்குச் சற்று இரக்கமும் இருந்தது. 2017 டிசெம்பர் முதல் எஞ்சினோடு இணைந்த மின்னணுக் கருவி அதனைப் பதிகின்றது. சரக்கேற்றும் இடத்தில் நான்கு மணி நேரம் காத்துக் கிடந்தால், அந்த நேரமும் பெரும்பாலும் 14 மணியிலிருந்தே கழியும். 2000ஆம் ஆண்டு மாதிரிக்கு முந்திய எஞ்சின்களுக்கு இக்கருவி வேண்டுவதில்லை என்பதற்காகவே பழைய லொறியைத் தேடி வாங்குவாரும் உளர். ஆனால் மணிக்கணக்கு விதி அவர்களையும் விடாது. பழைய எஞ்சின் பட்டறையில் நிற்கும் நாட்களுக்கோ எந்த விதிவிலக்கும் கிடையாது.

திரும்புகின்றவரைப் புண்படுத்துவது வேறொன்று. இருபது வருட அனுபவம் உடையவராயினும், அண்மைக் காலத்தில் ஓட்டாதவரைக் கம்பனிகளும் காப்புறுதியாளரும் ஏறக்குறையப் புதியவராகவே மதிப்பர். வேலை கேட்பவர் கடந்த 10 ஆண்டுகளில் தாம் சாரதியாயிருந்த இடங்களை எழுதிக் கொடுத்தல் வேண்டும். அந்தத் தாள் வெறுமையாயிருப்பின் காப்புறுதிக் கட்டணம் உயரும். 2020 ஜனவரி முதல் போதைப்பொருட் பரிசோதனைப் பதிவேடு ஒன்றும் மத்திய அரசினால் நடத்தப்படுகின்றது. வைத்தியச் சான்று காலாவதியாயிருந்தால் அனுமதிப்பத்திரத்தின் தரமே குறைக்கப்படலாம். ஆகவே கையிலுள்ள சேமிப்பை உடனே லொறியிற் போடாது, ஓராண்டேனும் ஒரு கம்பனியிற் சம்பளத்துக்கு ஓட்டுவதே புத்தி. அந்த ஓராண்டில் அவருடைய பதிவும் புதுப்பிக்கப்படும். எந்தப் பாதையில் எந்தப் பருவத்தில் சரக்குக் கிடைக்கும் என்பதும் தெரியவரும்.

பின்னர் இரண்டு வழிகள் உள. ஒன்று, சொந்த லொறியை ஒரு கம்பனிக்கு ஒப்பந்தமாகக் கொடுத்து அதன் உரிமத்தின்கீழ் ஓட்டுதல். ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். எவையெவை கழிக்கப்படும் என்பது அதிற் கூறப்படுதல் வேண்டும். உரிய தாள்களைக் கொடுத்த 15 நாட்களுக்குள் பணம் தரப்படல் வேண்டும். இவை சட்டம். ஆயினும் சரக்குத் தரும் கம்பனியிடமே லொறியையும் தவணைக்கு வாங்கும் ஏற்பாடு ஒன்றுண்டு. அதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. சரக்குக் குறைந்தாலும் தவணை குறைவதில்லை. இடையில் விலகுபவர், கட்டிய பணத்தையும் லொறியையும் ஒருங்கே இழந்து நடந்து வீடு திரும்ப நேரலாம்.

மற்றது சொந்த உரிமம் பெறுதல். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அது அரிது. புதியவர் வருவதைப் பழைய கம்பனிகள் எதிர்த்து வாதாட முடிந்தது. 1980ஆம் ஆண்டுச் சட்டம் அக்கதவைப் பெரிதும் திறந்தது. இன்று விண்ணப்பக் கட்டணம் 300 டொலரே. ஆனால் சாதாரண சரக்குக்கே குறைந்தது 750,000 டொலருக்குப் பொறுப்புக் காப்புறுதி வேண்டும். தரகர் பலர் பத்து இலட்சம் கேட்பர். உரிமம் பெற்று மாதங்கள் சில ஆகாதவருக்குச் சரக்கே கொடாத தரகரும் உளர். முதல் 18 மாதங்கள் அவர் புதியவராகக் கண்காணிக்கப்படுவார். அவர் தம்மைப் பற்றியே ஒரு சாரதிக் கோவை திறந்து பேணவும் வேண்டும். வேலை கொடுத்தவரும் அவரே, வேலை கேட்டவரும் அவரே.

இனிக் கணக்கு. உதாரணமாக, 600 மைலுக்கு மைலொன்றுக்கு 2 டொலர் வீதம் 1,200 டொலர் வாடகை பேசப்படுகின்றது என்று கொள்வோம். அடுத்த சரக்கை எடுக்க 150 மைல் வெறுமையாக ஓடவேண்டியிருப்பின், ஓடியது 750 மைல். வாடகை மைலுக்கு 1.60 டொலராகிவிடும். கலனுக்கு 6 மைல் ஓடும் லொறிக்கு 125 கலன் டீசல் வேண்டும். கலன் 4 டொலரானால் 500 டொலர் அதற்கே போய்விடும். எஞ்சிய 700 டொலரிலிருந்தே தவணை, காப்புறுதி, டயர், பழுது, வரி யாவும் செல்ல, மிகுதிதான் வீட்டுக்குரியது. அதுவும் பெரும்பாலும் ஒரு மாதம் கழித்தே கைக்கு வரும். டீசல் விற்பவர் அதுவரை காத்திருப்பதில்லை. அதனாற் பலர் தம் பட்டியலை ஒரு நிதிக் கம்பனிக்குக் கழிவு கொடுத்து விற்று, பணத்தை முன்னரே பெறுகின்றனர். அக்கழிவையும் அந்த 700 டொலரிலிருந்தே குறைத்துக்கொள்ள வேண்டும்.