வடுவும் மீட்சியும்: தன்பாற் காதல் மாயப் புனைகதைகள் பற்றிய ஒரு நோக்கு

மாயமும் அரசவைச் சூழ்ச்சியும் நிறைந்த கற்பனை நாடுகளைக் களமாகக் கொண்ட காதற் புனைகதைகளை வெறும் பொழுதுபோக்கு எழுத்தென்று ஒதுக்கிவிடுதல் ஆய்வாளரிடையே பெருவழக்கு. ஆயின், ஆங்கிலத்தில் தன்பாற் காதலைப் பொருளாகக் கொண்டெழுந்த இத்தகைய நாவல்கள் சில, வன்கொடுமைக்கு உள்ளான ஒருவர் மீள்வது எவ்வாறு என்னும் வினாவை எழுப்பியுள்ளன. அவ்வினா பொழுதுபோக்கு அன்று. ஆதலின் இரு படைப்புகளை முன்வைத்து அதனை நோக்குவோம்.

முதலாவது, அமெரிக்க எழுத்தாளர் மேர்சிடிஸ் லக்கி 1989, 1990ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட 'த லாஸ்ட் ஹெரல்ட் மேஜ்' என்னும் மூன்று நாவல்களின் தொகுதி. அதன் நாயகன் வன்யெல், தந்தையின் கடுமைக்கும் படைக்கல ஆசானின் அடிக்கும் ஆளாகி வளர்பவன். அவனை நாயகனாக நிறுத்தியமை அக்காலத்தில் துணிவான செயலே. எனினும் அவனுடைய முதற் காதலன் இறக்கிறான். இறுதியில் வன்யெலும் நாட்டைக் காக்கத் தன்னுயிரை ஈகிறான். பின்னர் வாய்த்த காதலனோடு அவனுக்கு நிலைத்த வாழ்வு கிட்டுவது ஆவியுருவிலேயே. துன்புற்றவன் தியாகியாகலாம், இல்வாழ்வான் ஆகலாகாது என்னும் வரம்பு இங்கு மீறப்படவில்லை.

இரண்டாவது, அவுஸ்திரேலிய எழுத்தாளர் பொஸ் மெடோஸ் 2022இல் வெளியிட்ட 'ஏ ஸ்ட்ரேஞ் அன்ட் ஸ்டபண் என்டியூரன்ஸ்'. தன்பாற் காதலை இழிவெனக் கருதும் றாலியா நாட்டவன் வெலாசின். முன்னாட் காதலன் அவனை வல்லுறவுக்கு உட்படுத்துகிறான். அதனைக் கண்ணுற்றவரோ இசைந்த உறவென்றே கொள்கின்றனர். அதன் விளைவாக, அத்தகைய காதலை இயல்பெனக் கொள்ளும் திதெனா நாட்டுக் கேதரி என்பானுக்கு அவன் மணம் பேசப்படுகிறான்.

காதலே மருந்து என்பது காதற் புனைகதையின் பழைய வாய்பாடு. அதன்படி காதலன் வைத்தியனாகிறான்; துன்புற்றவர் வெறும் நோயாளியாகிறார். அமெரிக்க உளமருத்துவர் ஜுடித் ஹேர்மன் 1992இல் வெளியிட்ட நூலில் மீட்சியின் மூன்று கட்டங்களை வகுத்தார்: பாதுகாப்பை நிலைநாட்டல், நினைவுகூர்ந்து துக்கித்தல், வாழ்வோடு மீள இணைதல். பறிக்கப்பட்ட ஆற்றலைத் துன்புற்றவரே மீளப் பெறுதல் வேண்டும் என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. பிறர் துணை நிற்கலாம். மீட்டுத் தரல் இயலாது.

மெடோஸின் நாவல் இக்கொள்கையோடு பெரிதும் இயைகிறது. கேதரி கணவனுக்குரிய உரிமை எதனையும் கோராது, இசைவைக் கேட்டுக் காத்திருக்கிறான். வாய்பேச இயலாத பணியாள் மார்க்கெலின் நட்பும் வெலாசினுக்குத் துணையாகிறது. உத்தியும் பொருளுக்கேற்ப அமைகின்றது: கேதரியின் பகுதிகள் படர்க்கையிலும், வெலாசினின் பகுதிகள் தன்மையிலும் எழுதப்பட்டுள்ளன. ஊறுபட்டவனே தன் கதையைச் சொல்லும் உரிமை பெறுகிறான்.

இங்கு மாயக் கற்பனையின் பயன் யாது? இரு நாடுகளை அருகருகே நிறுத்துவதன் மூலம், வெலாசினின் வெட்கம் இயற்கையானதன்று, சமூகம் விளைவித்தது என்பதை அது புலப்படுத்துகிறது. எனினும் ஒரு குறையை நாம் சுட்டாதிருத்தல் இயலாது. வெலாசின் பிரபு குலத்தவன். எல்லை கடந்து மற்றோர் அரண்மனையை அடைய அவனால் முடிகின்றது. உழைக்கும் மக்களுக்கு அத்தகைய திதெனா இல்லை.

நம் நாட்டு நிலையையும் இவ்விடத்து எண்ணுதல் தகும். குடியேற்ற ஆட்சியின்போது, 1883இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை 'இயற்கைக்கு மாறான' உறவைக் குற்றமாக்கியது. ஆண்களைக் குறித்திருந்த அதன் ஒழுக்கக்கேட்டுப் பிரிவை, 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களுக்கும் விரித்தது. இத்தகைய சட்டத்தின் கீழ், கொடுமைக்கு உள்ளானவர் முறையிடப் புகின் தாமே குற்றவாளியாக நோக்கப்படுவோமோ என அஞ்ச நேர்கின்றது. மீட்சியின் முதற் கட்டம் பாதுகாப்பு எனின், அதனைக் காதலர் இருவர் மட்டும் தமக்குள் அமைத்துக்கொள்ளல் அரிது. அது சமூகத்தின் கடமை.