கட்டணமில்லாக் கல்வியும் கணக்கில் வராத செலவும்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றதும் எமது பெற்றோரின் நினைவுக்கு நெடுங்காலமாக வந்தது இலண்டன் மாநகரே. அங்கு அறவிடப்படும் கட்டணம் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றுவிட்ட நிலையில், ஜேர்மனியின் பெயர் அடிக்கடி காதில் விழுகின்றது. அங்கே படிப்பு இலவசம் என்பதே முகவர்கள் பலரின் முதல் வாசகமாகும். அது பொய்யல்ல. எனினும் முழு உண்மையும் அல்ல.

ஜேர்மனியில் உயர்கல்வி 16 மாநில அரசுகளின் பொறுப்பிலுள்ளது. 2005 இல் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைத் தொடர்ந்து, சில மாநிலங்கள் அரையாண்டுத் தவணைக்கு 500 யூரோ வரை அறவிடத் தொடங்கின. மாணவரும் பெற்றோரும் காட்டிய எதிர்ப்பினால் அவை ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. இறுதியாகக் கீழ் சாக்சனி மாநிலம் 2014 இல் கட்டணத்தைக் கைவிட்டது. இதன் பயனை வெளிநாட்டு மாணவரும் பெற்றனர். ஆயினும் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருவோரிடம் தவணைக்கு 1,500 யூரோ அறவிடுகின்றது. மியூனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 இல் இத்தகையோருக்குக் கட்டணம் விதித்தது. டென்மார்க் 2006 இலும், சுவீடன் 2011 இலும், பின்லாந்து 2017 இலும், நோர்வே 2023 இலும் இதே வழியில் சென்றுவிட்டன. திறந்திருந்த கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்படும் காலமிது.

பெற்றோர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது "முடக்கப்பட்ட கணக்கு" எனப்படும் ஏற்பாட்டையாகும். ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குரிய பணம் கையிலுண்டு என்பதை நிரூபித்தாலே மாணவருக்கு வீசா கிடைக்கும். புலமைப்பரிசிலோ ஜேர்மனியில் பொறுப்பேற்பவரோ இல்லாதவர்கள், அப்பணத்தை இக்கணக்கில் வைப்பிலிடுவதே வழமை. 2024 செப்டெம்பரில் இத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. இது கட்டணமன்று; மாணவரின் சொந்தப் பணமே. ஆனால் மாதமொன்றுக்கு 992 யூரோவுக்கு மேல் அதிலிருந்து எடுக்க முடியாது.

இங்குதான் ஆபத்து உள்ளது. வங்கி மீதியைக் காட்டுவதற்காகச் சில வாரங்களுக்குக் கைமாற்றாகப் பணம் பெற்றுத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எம்மிடையே உண்டு. ஜேர்மனிக்கு அது பலிக்காது. வட்டிக்கு வாங்கிய பணம் அங்கே முடங்கிக் கிடக்க, வட்டியோ இங்கே மாதந்தோறும் வளரும். மேலும், வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த காலத்துக்கான பணவசதியையும் நிரூபிக்க வேண்டும்.

பகுதிநேர வேலை செய்து சமாளிக்கலாம் என்ற நம்பிக்கைக்கும் எல்லையுண்டு. 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்ய அனுமதியுண்டு. அந்த வருமானத்தில் வீட்டு வாடகை, மருத்துவக் காப்புறுதி, சில நூறு யூரோவான தவணைப் பங்களிப்பு ஆகியவற்றைச் செலுத்திய பின்னர் ஊரிலுள்ள கடனையும் அடைப்பது அரிது.

மொழி மற்றொரு தடை. முதுமாணிக் கற்கைநெறிகள் பல ஆங்கிலத்தில் இருந்தாலும், இளமாணிக் கற்கைநெறிகளில் பெரும்பாலானவை ஜேர்மன் மொழியிலேயே நடைபெறுகின்றன. பாடசாலைச் சான்றிதழ் நேரடி அனுமதிக்குப் போதாதெனக் கருதப்படுவோர் ஓராண்டு ஆயத்தக் கல்லூரியில் பயின்று பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அந்த ஓராண்டின் செலவு முகவரின் கணக்கில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இவற்றைக் கூறுவது இளைஞரின் ஊக்கத்தைக் கெடுப்பதற்காக அல்ல. பட்டம் பெற்றபின் தகுதிக்கேற்ற தொழில் தேட 18 மாதங்கள் தங்குவதற்கு இடமளிக்கும் நாடு அது. மொழியை இங்கேயே கற்று, நிபந்தனைகளைத் தூதரகத்திடமும் பல்கலைக்கழகத்திடமும் நேரடியாகக் கேட்டறிந்து செல்பவருக்கு ஜேர்மனி நல்லதொரு வாய்ப்பே. காணி உறுதியை ஈடுவைக்கக் கையெழுத்திடும் முன்னர், முதலாண்டோடு நில்லாது பட்டம் பெறும் நாள் வரையான செலவைக் குடும்பமாக அமர்ந்து ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது பெற்றோரின் கடமையாகும்.