எங்க ஊர்ப் பையன்

தாம்பரம் லைன் – 14

2014 ஏப்ரல் 24, வியாழக்கிழமை. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் அன்று ஒரே நாளில் நாடாளுமன்றத் தேர்தல். தாம்பரம்காரர்கள் ஸ்ரீபெரும்புதூர் தொகுதிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மையோடு வீடு திரும்பி ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார்கள். அன்றைக்கே காஷ்மீரின் அனந்த்நாக் தொகுதியிலும் வாக்குப்பதிவு. ஷோபியான் மாவட்டத்தில் வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த தேர்தல் பணியாளர்களைத் தீவிரவாதிகள் சுட்டார்கள். ஓர் அலுவலர் இறந்துபோனார்.

இங்கே மை காய்வதற்குள் அங்கே தேடுதல் தொடங்கிவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஷோபியானில் காசிபத்ரி என்ற சிற்றூரில் ஒரு வீட்டுக்குள் தீவிரவாதிகள் பதுங்கியிருப்பதாகத் தகவல். 44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் படைப்பிரிவு சுற்றி வளைத்தது. உள்ளே நுழைந்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர் மேஜர் முகுந்த் வரதராஜன். ஹிஸ்புல் முஜாஹிதீன் தளபதி அல்தாஃப் வானி உட்பட மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். படையின் பக்கம் சிப்பாய் விக்ரம் சிங் இறந்தார். சண்டை முடிந்து வெளியே வந்த முகுந்த் சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் பிரிந்தது. 31 வயது முடிந்து சரியாக 13 நாள்.

இந்த அளவுக்கு இன்று எல்லோருக்கும் தெரியும். 2024 தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ படத்துக்குப் பிறகு, எந்த அறையில் எந்தச் சுவரோரம் நின்றார் என்பதுவரை சின்னப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். ஒரு மனிதன் இறந்த அரை மணி நேரத்தை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவைத்திருக்கும் நமக்கு, அவன் வாழ்ந்த 31 வருஷத்தில் எவ்வளவு தெரியும்? அவர் கிழக்குத் தாம்பரம், சேலையூர்ப் பக்கத்து மனிதர் என்பதால் இந்தத் தொடரில் அதைக் கொஞ்சம் பேசலாம்.

பிறந்தது கோழிக்கோட்டில், 1983 ஏப்ரல் 12. அப்பாவுக்கு வங்கி வேலை. தாத்தாவும் இரண்டு மாமா, சித்தப்பா முறைக்காரர்களும் ராணுவத்தில் இருந்தவர்கள் என்பதால் சீருடை அந்த வீட்டுக்குப் புதிதல்ல. ஆனால் முகுந்த் நேராக அங்கே போய்விடவில்லை. காஞ்சிபுரம் ஏனாத்தூரில் பி.காம். பிறகு தாம்பரம் கிறிஸ்துவக் கல்லூரியில் இதழியல் டிப்ளமோ. 1937இல் ஜார்ஜ் டவுனை விட்டு தாம்பரத்துக்கு வந்த கல்லூரி அது. 365 ஏக்கர் புதர்க்காட்டுக்கு நடுவில் வகுப்பறைகள். இந்து ரெபேக்கா வர்கீஸைச் சந்தித்ததும் அங்கேதான். இவர் தமிழர், அவர் மலையாளி. இவர் இந்து, அவர் கிறிஸ்தவர். புறநகர் நடுத்தரக் குடும்பங்களில் இந்தக் கதை எப்படிப் போகும் என்று விவரிக்கத் தேவையில்லை. 2009இல் கல்யாணம் நடந்தது. பொறுமையும் ஒரு வகைத் துணிச்சல்தான். அதற்கு யாரும் பதக்கம் தருவதில்லை.

பி.காம். முடித்த தாம்பரத்துப் பையன்கள் அந்த ஆண்டுகளில் எங்கே போனார்கள்? வங்கித் தேர்வு, ஆடிட்டர் ஆபீஸ், இல்லையென்றால் பெருங்குடிக்கோ சிறுசேரிக்கோ நைட் ஷிஃப்ட். முகுந்த் போன இடம் பரங்கிமலை. மின்சார ரயிலில் இடையே ஆறே ஸ்டேஷன். 1963இல் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியாக அங்கே தொடங்கியதுதான் 1988இல் அகாடமி ஆனது. குறுகிய காலப் பணிக்கு வரும் அதிகாரிகளைத் தயார் செய்யும் இடம். வேலைக்குப் போகிறவர்களின் ரயில் வாசலிலேயே இருந்தாலும், லைனில் வசிப்பவர்களில் பலர் அதை ஒரு நீளமான மதில் சுவராக மட்டுமே அறிவார்கள். 

அந்த அகாடமியின் அணிவகுப்பு மைதானத்துக்கு இன்று பரமேஸ்வரன் பெயர். அதே இடத்தில் பயிற்சி பெற்று 1972இல் அதிகாரியானவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். பம்பாயில் பிறந்த தமிழர். அமைதிப்படையோடு இலங்கைக்குப் போய் 1987 நவம்பர் 25 அன்று இறந்தார். பரம்வீர் சக்ரா கிடைத்தது. முகுந்த் 2006 மார்ச்சில் அங்கிருந்து வெளியேறி ராஜ்புத் ரெஜிமென்டின் 22ஆம் பட்டாலியனுக்குப் போனார். லெபனானில் ஐ.நா. அமைதிப் பணி, பிறகு 2012 இறுதியில் காஷ்மீர்.

முகுந்துக்கு ஏன் பரம்வீர் சக்ரா இல்லை என்று சிலர் கேட்பதுண்டு. போர்க்களத்தில் எதிரியின் முன்னால் காட்டிய வீரத்துக்கு பரம்வீர் சக்ரா. மற்ற சூழல்களுக்கு, அதாவது அரசாங்கத்தின் கணக்கில் ‘அமைதிக் காலம்’ என்று எழுதப்படும் நாட்களுக்கு, அசோக் சக்ரா. இரண்டுமே அதனதன் வரிசையில் முதலாவது. காசிபத்ரியில் நடந்தது அமைதிக் காலத்துச் சம்பவம்! இலாகா வகைப்பாடுகளை நினைத்தால் சில சமயம் இப்படி மூச்சு வாங்குகிறது. 2015 குடியரசு தினத்தன்று, பராக் ஒபாமா விருந்தினராக உட்கார்ந்திருந்த டெல்லி ராஜபாதையில், ஜனாதிபதி பிரணாப் முகர்ஜியின் கையிலிருந்து முகுந்துக்கான அசோக் சக்ராவை இந்து வாங்கிக்கொண்டார். கண்ணில் நீர் இல்லை. நாடு பார்க்க வேண்டியது தன் துக்கத்தை அல்ல, முகுந்த் எப்படிப்பட்ட மனிதர் என்பதைத்தான் என்று அவர் அதற்கு முன்பே பேட்டியில் சொல்லியிருந்தார். விதவையின் கண்ணீரைப் படம் பிடிக்கக் காத்திருந்த கேமராக்களுக்கு இதைவிட மரியாதையாக யாரும் பதில் சொன்னதில்லை.

இறந்தவரைக் கொண்டாடுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஆளுக்கு ஆள் பங்கு கேட்க வருவார்கள். 2014 ஏப்ரல் 28 அன்று பெசன்ட் நகர் மயானத்தில் ராணுவ மரியாதையோடு தகனம் நடந்தபோது அவர் எல்லோருக்கும் ‘எங்க ஊர்ப் பையன்’. பத்து வருஷம் கழித்து, படம் வசூலை அள்ளிய பிறகு, அவர் பிறந்த சாதியைத் திரையில் ஏன் காட்டவில்லை என்று சண்டை கிளம்பியது. இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி பதில் சொன்னார்: மகனை இந்தியனாக, தமிழனாக மட்டும் காட்டினால் போதும் என்று பெற்றோரே கேட்டுக்கொண்டார்களாம். விவகாரம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். பெற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதை, முன்பின் பார்த்திராதவர்கள் உரிமையோடு கேட்டார்கள். நடுவில் இருந்த பத்து வருஷத்தில் இந்த அக்கறை எங்கே இருந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படமும் பதக்கமும் வாய்க்காத ராணுவத்துக்காரர்கள் இந்த லைன் முழுக்க இருக்கிறார்கள். சேலையூர், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், பல்லாவரம் என்று எந்தத் தெருவிலும் ஒரு சுபேதார் வீடு இருக்கும். மாசம் ஒருநாள் கேன்டீன் கார்டோடு கிளம்புவார். மற்ற நாட்களில் ஏதாவது வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். நாம் அவரிடம் கேட்பது ஒன்றே ஒன்று: “பாஸ்புக் மெஷின் வேலை செய்யுதாண்ணா?” சியாச்சினில் எத்தனை குளிர்காலம் இருந்தார் என்று கேட்டால் சொல்லுவார். கேட்பதற்கு அவர் சாக வேண்டியதில்லை.

உடலும் கிடைக்காதவர்களின் கதை வேறு. கிழக்குத் தாம்பரத்து வீடுகளுக்கு விமானப்படைத் தளம் பக்கத்து வீடு மாதிரி. பயிற்சி விமானத்தின் சத்தத்தில் போன் பேச்சை நிறுத்தி, அது போனதும் தொடர்வது இங்கே பழக்கம். 2016 ஜூலை 22 காலை அந்தத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.-32 விமானம் வங்கக் கடலுக்கு மேலே காணாமல் போனது. உள்ளே 29 பேர். கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. ஒரு துண்டுகூட அகப்படவில்லை. இறந்துவிட்டதாகக் கருதுகிறோம் என்ற கடிதம் மட்டும் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஏழரை வருஷம் கழித்து, 2024 ஜனவரியில், பாதுகாப்பு அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில், ஆளில்லாத் தானியங்கி நீர்மூழ்கி ஒன்று கடலடியில் விமானச் சிதைவுகளைப் படம் எடுத்திருந்தது. அந்தப் பகுதியில் வேறு விமானம் எதுவும் விழுந்ததாகப் பதிவு இல்லாததால், அது ஏ.என்.-32 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவானது. அந்த நீர்மூழ்கியை இயக்கியது தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம். இருப்பது பள்ளிக்கரணையில், வேளச்சேரி – தாம்பரம் சாலையிலேயே. விமானம் கிளம்பிய தளமும் அதைக் கண்டுபிடித்த ஆய்வகமும் ஒரே பஸ் ரூட்டில் வரும் தூரம்.

அந்த 29 பேரில் எட்டுப் பேர் சீருடைக்காரர்களே அல்ல. விசாகப்பட்டினத்தில் கடற்படை ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தவர்கள். வீரச் செயலுக்கான பட்டியல் எதிலும் அவர்கள் வரப்போவதில்லை. ஊர்கள் வெவ்வேறு. ஆனால் அவர்கள் கடைசியாக மிதித்த தரை தாம்பரத்துத் தரை. முகுந்தை எங்க ஊர்ப் பையன் என்று சொல்லிக்கொள்ளும் ஊருக்கு, ஜூலை 22ஆம் தேதியும் ஞாபகம் இருந்தால் நல்லது.

பிறந்த ஊரை விட்டுக் கப்பலில் வந்து, இந்த லைனிலேயே மண்ணுக்குள் தங்கிவிட்ட சிப்பாய்களும் உண்டு. பரங்கிமலைக்குப் பக்கத்தில், நந்தம்பாக்கத்தில், ஒழுங்காகப் புல் வெட்டி வரிசையாகக் கல் நட்ட இரண்டாம் உலகப்போர் கல்லறைத் தோட்டம். அடுத்த வாரம் அங்கே போகலாம்.

(தொடரும்)